நம்பர் 4 இழைப்புளி: சுருள் அடைக்குது, வேம்பில் நார் பிய்யுது. முதலில் எதைச் சரிசெய்வது?

#1 புதுச்சீவல்

வார்ப்பிரும்பு இழைப்புளி, நம்பர் 4 அளவு, 2 அங்குல பிளேடு. இந்தியாவில் செய்தது, விலை குறைவு. பெட்டியிலிருந்து எடுத்தபடியேதான் இருக்கு, பிளேடை மட்டும் 1000 கிரிட் கல்லில் 30 டிகிரிக்குத் தீட்டியிருக்கு.

குறைகள் இவை. தேக்கில் நாலைந்து தள்ளு நல்லா போகுது, அப்புறம் சுருள் வாயிலேயே (அடியில பிளேடு வெளிய நீட்டுற பிளவு) மடிஞ்சு மடிஞ்சு அடைச்சுக்குது. பிரிச்சுப் பார்த்தா பிளேடுக்கும் கேப் அயர்னுக்கும் (பிளேடு மேல பூட்டுற இரும்புத் தகடு) நடுவுல தூள் சிக்கியிருக்கு. வேப்பம்பலகையில் ஒரு கோட்டில் பளபளன்னு வருது, அடுத்த நாலு அங்குலத்தில் அதே கோட்டிலேயே நார் பிய்ஞ்சு குழி விழுது. ஆழம் வைக்கிற பித்தளைச் சக்கரம் முக்கால் சுற்று சும்மா சுத்துது.

அடிப்பாகத்தைத் தேய்ச்சு மட்டமாக்கணுமா? வாயைச் சுருக்கணுமா? தடிச்ச பிளேடு வாங்கிப் போட்டா இதெல்லாம் போயிடுமா?

#2 கோவைப்பட்டறை

தடிச்ச பிளேடுக்குக் காசு செலவழிக்காதீங்க. இருக்கிற பிளேடே போதும்.

சக்கரம் முக்கால் சுற்று சும்மா சுத்துறது குறையே இல்ல. சக்கரத்தோட பள்ளத்துல உட்காருற கவைக்கும் (பிளேடை முன்னும் பின்னும் நகர்த்துற கவட்டை நெம்பி) கேப் அயர்ன் துளைக்கும் நடுவுல எப்பவும் விளையாட்டு, அதாவது தளர்வு, இருக்கும். இந்த வகை இழைப்புளியை உருவாக்கின லெனார்ட் பெய்லியோட காப்புரிமைகளை 1869-ல அமெரிக்காவோட ஸ்டான்லி கம்பெனி வாங்கின காலத்துல இருந்து இந்த அமைப்பு பெருசா மாறல, விளையாட்டும் மாறல. ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வைங்க: ஆழத்தைக் குறைக்கணும்னா தேவைக்கு மேலயே பின்னால இழுத்துட்டு, மறுபடி முன்னால திருப்பி வந்து நிறுத்துங்க. கடைசித் திருப்பு எப்பவும் பிளேடை வெளிய தள்ளுற திசையில இருக்கணும். பின்னால இழுத்த நிலையிலேயே விட்டா, மரத்துல முட்டினதும் பிளேடு அந்த விளையாட்டு அளவுக்கு உள்ள போயிடும். சீவிட்டே இருக்கும், திடீர்னு ஒண்ணும் வராது.

அடைப்புக்கும் பிய்யறதுக்கும் வரிசை இது: கூர்மை, அப்புறம் கேப் அயர்ன், அப்புறம் வாய். அடிப்பாகம் கடைசி.

#3 மட்டப்பலகை

அடிப்பாகம் கடைசி என்பதை ஏற்க முடியவில்லை. நம்பர் 4 இறுதி மெருகுக்கான கருவி. அதில் 0.05 மி.மீ. தடிப்புள்ள சுருள்தான் எடுக்க வேண்டும். அடிப்பாகம் நீளவாக்கில் 0.1 மி.மீ. குழிந்திருந்தால், முனையும் வாலும் மரத்தில் உட்கார, வாய்ப்பகுதி மரத்தைத் தொடாமல் மேலேயே நிற்கும். பிளேடு மரத்தைத் தொடவே அந்த 0.1 மி.மீ. கூடுதலாக நீட்ட வேண்டியிருக்கும். பலகையின் ஓரத்துக்கு வந்ததும் தாங்கல் மாறி, நீட்டிய அளவெல்லாம் மரத்தில் இறங்கும். மெல்லிய சுருள் என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

விலை குறைந்த வார்ப்புகளில் இது சாதாரணம். வார்த்த இரும்பை உள்தகைவு அடங்கும்வரை கிடத்தி வைக்காமல் உடனே கடைந்து விட்டால், பிறகு மெல்ல வளையும்.

#4 கோவைப்பட்டறை

நீங்க சொல்ற கணக்கு சரிதான் சார். ஆனா அவர் கேட்டது அடைப்பும் பிய்யறதும். அடிப்பாகம் குழிஞ்சா வெட்டு ஆரம்பிக்க மாட்டேங்கும், விட்டு விட்டு வெட்டும். சுருள் அடைக்காது. நோய் ஒண்ணு, மருந்து வேறன்னு ஆகிடக் கூடாது.

இன்னொண்ணு, புதுசா வர்றவங்க அடிப்பாகத்தைத் தேய்க்கிறேன்னு உட்கார்ந்து குவிஞ்ச அடியா மாத்திடறாங்க. குழிஞ்சதை வெச்சுக்கூட வேலை பார்க்கலாம், குவிஞ்சு போனா முன்னும் பின்னும் ஆடும். பிளேடைத் தீட்டத் தெரியாத கட்டத்துல இந்த வேலை வேண்டாம்னுதான் சொல்றேன்.

#5 யாழ்_சீவுளி

உங்கட படம் இல்லாட்டியும் அறிகுறியை வைச்சுச் சொல்லலாம். பிளேடுக்கும் கேப் அயர்னுக்கும் இடையில தூள் சிக்குது எண்டால் ரெண்டும் முழு அகலத்துக்கும் ஒட்டி இருக்கேல்லை. ரெண்டையும் பூட்டி, வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சுப் பாருங்கோ. ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிஞ்சாலும் அதுக்குள்ளால சுருளின்ர நுனி புகுந்திடும். ஒருக்கா புகுந்தால் பின்னால வாறது எல்லாம் அதில முட்டி மடியும்.

திருத்திறது இப்பிடி. கேப் அயர்னின்ர அடி உதட்டை, அது பிளேடைத் தொடுற இடத்தை, தட்டையான கல்லில வையுங்கோ. உதடு மட்டும் கல்லுக்கு மேல, வால் கல்லுக்கு வெளியில. வால் பக்கத்தைக் கல்லின்ர மட்டத்தில இருந்து கொஞ்சம் கீழ இறக்கிப் பிடியுங்கோ, 1 அல்லது 2 டிகிரி போதும். அப்பிடித் தேய்ச்சால் உதட்டின்ர பின்பக்கம் கூடத் தேயும், முன் நுனி மட்டும் பிளேடில அழுந்தும். பிடிக்கிற கோணம் மாறாமல் இருக்க, கல்லை விட 2 மி.மீ. பதிவான ஒரு பலகைத் துண்டைப் பக்கத்தில வைச்சு அதில வாலைக் கிடத்துங்கோ.

பிறகு மேல்பக்கம். சுருள் வந்து மோதுற முன் முகம் வாங்கேக்கை 25, 30 டிகிரியில சரிவாயும் சொரசொரப்பாயும் இருக்கும். அதின்ர நுனியில மாத்திரம் 50 டிகிரிக்குக் குறையாமல் ஒரு சின்ன முகம் தீட்டுங்கோ. அரை மி.மீ. அகலம் காணும். பளிங்கு மாதிரி மினுக்கிப்போட்டு மெழுகு தடவுங்கோ.

#6 புதுச்சீவல்

வெளிச்சம் தெரியுது. இடது பக்கம் மூணில் ஒரு பங்கு அகலத்துக்கு.

கேப் அயர்னை விளிம்பிலிருந்து 1.5 மி.மீ. தள்ளி வைச்சிருக்கேன். எவ்வளவு கிட்ட வரலாம்?

#7 யாழ்_சீவுளி

1.5 மி.மீ. தூரத்தில கேப் அயர்ன் நார் பிய்யிறதை நிப்பாட்டாது. பிளேடை இறுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான்.

நார் ஏன் பிய்யுது எண்டு விளங்கினால் தூரமும் விளங்கும். எதிர்நாரில சீவேக்கை சுருள் பிளேடில ஏறி நிமிர்ந்து நெம்புது. வெட்டு விளிம்புக்கு முன்னாலேயே மரம் பிளக்குது. பிளவு நார் போற வழியால கீழ இறங்கிறதால குழி விழுது. விளிம்புக்கு மிகக் கிட்ட ஒரு செங்குத்தான முகம் இருந்தால் சுருள் எழும்பின உடனேயே அதில மோதி மடங்கும், நெம்புறதுக்குப் பிடி இல்லாமல் போகும். ஜப்பானில யமகதா பல்கலைக்கழகத்தில இதை நுண்படமாய் எடுத்துக் காட்டினவை. சுருளின்ர தடிப்பைப் போல ரெண்டு மடங்குக்குக் கிட்ட தூரம் இருக்கேக்கைதான் வேலை செய்யுது, அதாவது 0.05 மி.மீ. சுருளுக்கு 0.1 மி.மீ.

கையால வைக்க 0.2, 0.3 மி.மீ. நல்ல தொடக்கம். சாதாரண ஏ4 தாள் 0.1 மி.மீ. தடிப்பு, அதை வைச்சுக் கண்ணைப் பழக்கலாம். திருகாணியை விரலால இறுக்கி, வெளிச்சத்தில பாருங்கோ. கேப் அயர்னுக்கு வெளியில பிளேடின்ர முதுகு (சரிவு இல்லாத தட்டைப் பக்கம்) ஒரு வெள்ளைக் கோடாய்த் தெரியும். அந்தக் கோட்டைப் பாதி, பிறகு அதில பாதி எண்டு குறைச்சுக்கொண்டு போங்கோ. இன்னும் ஒருக்கா குறைச்சால் கோடே இல்லை எண்டு வாற இடத்தில நிப்பாட்டி, நல்லாய்ப் பிடிச்சுக்கொண்டு இறுக்குங்கோ. இறுக்கேக்கை கேப் அயர்ன் முன்னுக்கு நகரும், கவனம். விளிம்பைத் தாண்டி வந்தால் கூர் போச்சு.

சரியோ எண்டு சுருளே சொல்லும். வளையம் வளையமாய்ச் சுருண்டு விழுந்தால் தூரம் கூட. வாயில இருந்து நேராய் நிமிர்ந்து எழும்பி வந்தால் சரி. விசிறி மடிப்பாய் நசுங்கி வந்தால் கிட்டப் போயிட்டீங்கள்.

#8 மட்டப்பலகை

இங்கே ஒரு எச்சரிக்கை. கேப் அயர்னை 0.2 மி.மீட்டருக்குக் கொண்டுவந்தால் வாயைச் சுருக்காதீர்கள். பல கையேடுகள் குறுகிய வாய் வேண்டும் என்பதால் எல்லாரும் ஃபிராக்கை (பிளேடைத் தாங்கும் சாய்வான வார்ப்புத் துண்டு) முன்னால் தள்ளி 0.3 மி.மீ. வாய் வைக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால், நிமிர்ந்து எழும் சுருளுக்குப் போக இடமில்லாமல் முன்சுவரில் முட்டி அடைக்கும். ஒன்று வாய், அல்லது கேப் அயர்ன். இரண்டில் கேப் அயர்ன்தான் வலிமையானது.

ஃபிராக்கின் சரிவும் வாயின் பின்சுவர்ச் சரிவும் ஒரே தளத்தில் வருமாறு வையுங்கள். அப்போது பிளேடு அடி வரைக்கும் தாங்கலோடு இருக்கும். வாய் 1 மி.மீ. திறந்திருந்தாலும் கவலை இல்லை. ஃபிராக்கை முன்னால் தள்ளினால் பிளேடின் கடைசிச் சில மில்லிமீட்டர் அந்தரத்தில் நிற்கும், மெல்லிய பிளேடு கடின மரத்தில் அதிரும்.

பிரித்தபோதே ஃபிராக் உட்காரும் இடங்களையும் பாருங்கள். விலை குறைந்தவற்றில் பெயின்ட் கட்டி, வார்ப்பு மணல், கடைசல் பிசிறு எதுவும் இருக்கலாம். சுரண்டி எடுத்து, மார்க்கர் தடவி, ஃபிராக்கை வைத்து லேசாக அசைத்து, எங்கே ஒட்டுகிறது என்று பார்த்து அரத்தால் தேய்த்து எடுங்கள். நான்கு மூலையும் ஆடாமல் உட்கார்ந்தால் பாதி அதிர்வு போய்விடும். தடித்த பிளேடு வாங்கச் சொல்வது பெரும்பாலும் இந்த ஆட்டத்தை மறைக்கத்தான்.

#9 கோவைப்பட்டறை

இது நல்ல பதிவு. கூட ஒண்ணு: வாயோட முன்விளிம்பு நேரா இல்லாம பிசிறோட இருந்தா, மெல்லிய அரத்தை முன்பக்கம் சாய்ச்சுப் பிடிச்சுத் தேய்ங்க. மேல போகப் போக அகலமாகுற மாதிரி. அடிப்பாகத்துல தெரியற கோடு நேராகணும், அகலமாகக் கூடாது.

லீவர் கேப் (பிளேடை மேலேர்ந்து அழுத்திப் பிடிக்கிற மூடி) திருகு பத்தியும் யாரும் சொல்லல. முழுசா இறுக்கக் கூடாது. கட்டைவிரலால லீவரை மடிக்கும்போது திடமா 'டக்'னு விழணும், இடுக்கி வெச்சு மடிக்கிற நிலைமை வரக் கூடாது. ஓவர் இறுக்கம்னா ஆழச் சக்கரம் திரும்ப மாட்டேங்கும், கவை உடையுற வரைக்கும் திருகிட்டிருப்பாங்க. தளர்வா இருந்தா பக்கவாட்டுல பிளேடு தானா நகரும்.

#10 புதுச்சீவல்

தீட்டுற விஷயத்துக்கு வருவோம். 1000 கிரிட்டோட நிறுத்தினது தப்பா? நகத்தில் வைச்சா பிடிக்குது, தாளை வெட்டுது.

#11 கோவைப்பட்டறை

தாளை 1000 கிரிட் கூரும் வெட்டும். சோதனை தாள்ல வேண்டாம். மெதுவான மரத்தோட, சில்வர் ஓக்கோ மலைவேம்போ, குறுக்குவெட்டு முனையில கையால பிளேடைத் தள்ளிப் பாருங்க. வெட்டின முகம் மினுங்கணும். வெளுத்து, மாவு மாதிரி உதிர்ந்தா கூர் போதாது. விளிம்பை நேரா விளக்குக்குக் காட்டிப் பாருங்க, வெள்ளைப் புள்ளியோ கோடோ தெரிஞ்சா அந்த இடம் மழுங்கல். நல்ல கூர் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது.

முதல்ல முதுகு. முழு முதுகையும் தேய்க்க வேண்டியதில்ல, விளிம்புல இருந்து 5 மி.மீ. மட்டும் மட்டமாகி மினுங்கினா போதும். கம்பெனி அரைச்ச கோடுகள் விளிம்பு வரைக்கும் வந்து நின்னா, முன்பக்கம் எத்தனை தீட்டினாலும் விளிம்பு ரம்பப் பல்லாத்தான் இருக்கும். கூர் ரெண்டு முகமும் சந்திக்கிற கோடுதானே.

அப்புறம் சரிவு. 25 டிகிரி அடிச்சரிவு, நுனியில 30 டிகிரி. சக்கரம் வெச்ச தீட்டும் தாங்கி ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும், பக்கவாட்டுல இறுக்குற சாதாரண வகை. அதுல இழைப்புளி பிளேடை 38 மி.மீ. வெளிய நீட்டினா 30 டிகிரி, 50 மி.மீ. நீட்டினா 25. பலகையில ஒரு கட்டையை ஆணி அடிச்சு அந்த 38-ஐ நிரந்தரமா வெச்சுக்குங்க, ஒவ்வொரு தடவையும் ஸ்கேல் தேட வேண்டாம்.

1000-ல பின்பக்கம் பிசிறு முழு அகலத்துக்கும் விரல்ல தட்டுப்படற வரைக்கும் அடுத்த கல்லுக்குப் போகாதீங்க. இதுலதான் எல்லாரும் அவசரப்படறாங்க. பிசிறு வராத இடத்துல பழைய மழுங்கல் அப்படியே இருக்குன்னு அர்த்தம். அப்புறம் 4000 அல்லது 6000, முன்பக்கம் பத்துப் பதினைஞ்சு இழுப்பு. முதுகைத் தட்டையா வெச்சு நாலைஞ்சு. கடைசியா தோல்ல பச்சைக் குரோமியம் ஆக்சைடு தடவி, பின்னோக்கி மட்டும் இழுங்க. பிசிறு உடைஞ்சு விழக் கூடாது, தேய்ஞ்சு போகணும்.

கல் வாங்கக் காசு இல்லைன்னா 10 மி.மீ. கண்ணாடித் துண்டு, தண்ணிக்குத் தாங்குற கறுப்பு உப்புத்தாள் 400, 800, 1500, 2000. அதுவே சரியான கூர் கொடுக்கும். தாள் செலவு கூட்டிப் பார்த்தா ஒரு வருஷத்துல கல் விலை வந்துடும், அது வேற கதை. கடையில விக்கிற ரெண்டு பக்கக் கார்போரண்டம் கல்லோட மென்மையான பக்கமே சுமார் 240 கிரிட்தான். பிளேடு உடைஞ்சா சரிவைத் திருப்பி எடுக்க உதவும், கூருக்கு அதோட நிறுத்தக் கூடாது.

#12 மட்டப்பலகை

முதுகில் குழியோ முறுக்கோ இருந்து 5 மி.மீ. கூட மட்டமாகவில்லை என்றால், 0.5 மி.மீ. தடிப்புள்ள ஸ்டீல் ஸ்கேலைக் கல்லின் மறு ஓரத்தில் கிடத்தி, அதன்மேல் பிளேடின் முதுகைச் சாய்த்து மென்மையான கல்லில் மட்டும் தேய்க்கலாம். ஒரு டிகிரிக்கும் குறைவான சாய்வு என்பதால் இழைப்புளிக்குப் பாதிப்பில்லை. உளிகளுக்கு இதைச் செய்யவே கூடாது. அவற்றின் முதுகுதான் மரத்தில் வழிகாட்டி.

சாணைச் சக்கரத்தில் அரைப்பவர்களுக்கு: விளிம்பு நீலமானால் அந்த இடம் சுமார் 300 டிகிரி செல்சியசைத் தொட்டுவிட்டது, பதம் போய்விட்டது. தண்ணீரில் முக்கினால் நிறம் மாறாது, பதமும் திரும்பாது. நீலம் முழுவதும் போகும்வரை அரைத்துத் தள்ள வேண்டியதுதான். விரலில் சூடு தெரியும் முன்பே முக்குங்கள்.

#13 புதுச்சீவல்

கேப் அயர்ன் உதடு தேய்ச்சாச்சு, வெளிச்சம் இல்ல. 6000 வரைக்கும் தீட்டி, 0.3 மி.மீ. வைச்சுப் பார்த்தேன். அடைப்பு சுத்தமா நின்னுடுச்சு. வேம்பில் பிய்யறது பெருமளவு குறைஞ்சிருக்கு, கணு ஓரத்தில் மட்டும் இருக்கு.

இப்ப ரெண்டு புதுசு. ஒவ்வொரு தள்ளலுக்கும் பலகையில் ஒரு மெல்லிய படிக்கோடு விழுது, விரலில் தட்டுது. சுருளும் வலது பக்கம் தடிப்பா, இடது பக்கம் ஒண்ணுமில்லாம வருது.

#14 கோவைப்பட்டறை

ரெண்டும் வேற வேற.

தடிப்பு ஒரு பக்கமா வந்தா பக்கவாட்டு லீவர் (பிளேடைப் பக்கவாட்டுல சாய்க்கிற நெம்பி). எந்தப் பக்கம் தடிப்பா வருதோ அந்தப் பக்கமே லீவரைத் தள்ளுங்க. வலது தடிப்புன்னா வலது பக்கம். கண்ணால பார்த்து வைக்கிறதை விட, ஒரு விரல் அகலச் சின்னக் குச்சியை எடுத்து, வாயோட இடது ஓரத்துல ஒரு தடவை, வலது ஓரத்துல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சீவல் வந்தா சமம். விரலை அங்க வெக்காதீங்க.

படிக்கோடு பிளேடோட மூலை கீறுறது. நேர் விளிம்பா தீட்டினா மூலை ரெண்டும் பலகையில இறங்கும். தீட்டும் தாங்கியில இருக்கும்போதே இடது மூலையில விரல் அழுத்தம் கொடுத்து எட்டு இழுப்பு, வலது மூலையில எட்டு, நடுவுல நாலு. மூலைகள் நடுவை விட 0.05 மி.மீ. அளவுக்குப் பின்வாங்கினா போதும். மூலைமட்டத்தோட தகடை விளிம்புல வெச்சுப் பார்த்தா ரெண்டு ஓரத்துலயும் லேசா வெளிச்சம் கசியும், அதுதான் அளவு. மூலையை மட்டும் சும்மா மழிச்சு விடறவங்களும் இருக்காங்க, அதுல கோடு போகாது, மங்கும்.

நம்பர் 5-ஐ முரட்டு வேலைக்கு வெச்சிருந்தா அதுக்குக் கணக்கு வேற. 8 முதல் 10 அங்குல ஆரத்துல நல்ல வளைவா அரைச்சு, வாயைத் திறந்து, கேப் அயர்னை 1.5, 2 மி.மீ. தள்ளி, பலகைக்குக் குறுக்கே கோணலா ஓட்டணும். அரை மி.மீ. சுருள் எடுக்கலாம். மேடு பள்ளமுள்ள அறுவைப் பலகையை நம்பர் 4 வெச்சு மட்டமாக்கப் பார்க்கிறது வீண் உழைப்பு. 5 முரட்டுக்கு, 22 அங்குல நம்பர் 7 நேராக்க, 4 கடைசி மெருகுக்கு.

#15 யாழ்_சீவுளி

கணு ஓரத்துப் பிய்யலுக்கு: வேம்பு, மகோகனி, பலா எல்லாம் பின்னிப் போற நார். கொஞ்சக் கால வளர்ச்சியில ஒரு பக்கம் சரிஞ்சால் பிறகு மறுபக்கம் சரியும். பலகையின்ர பக்கவாட்டில நார் எந்தப் பக்கம் ஏறுது எண்டு பார்த்து அந்தத் திசையில தள்ளுறது தேக்குக்குச் சரி. இவைக்கு எந்தத் திசையும் முழுக்கச் சரியில்லை. அதாலதான் ஒரே கோட்டில பாதி மினுங்கிப் பாதி பிய்யுது.

தூரத்தை இன்னும் குறைச்சு 0.15 அளவுக்கு வாங்கோ, சுருளையும் மெல்லிசாக்குங்கோ. தள்ள இன்னும் பலம் வேணும், அது சாதாரணம். அதுக்கும் அடங்காட்டி மேலதிகமாய் ஒரு பிளேடு எடுத்து அதின்ர முதுகில 15 டிகிரி தீட்டுங்கோ. பிளேடு சாயுற 45 டிகிரிப் படுகையில வெட்டுக்கோணம் 60 ஆகும். அந்தப் பிளேடைப் பிறகு வழமையான வேலைக்குத் திருப்ப வேணும் எண்டால் முன்னால நிறைய அரைக்க வேண்டி வரும், அதால தனியாய் வைச்சிருங்கோ. கணுவைச் சுத்தி மட்டும் எண்டால் தகட்டுச் சுரண்டி (மெல்லிய இரும்புத் தகட்டால சுரண்டுறது) லேசு.

#16 ஆப்பு

மர இழைப்புளி வைத்திருப்பவர்களுக்கு இந்த இழையில் எதுவும் இல்லையே. சக்கரமும் இல்லை, லீவரும் இல்லை. ஆனால் கூரும் கேப் அயர்னும் பற்றி மேலே சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும்.

ஆழம் வைக்க: பிளேடின் அடி விளிம்பு அடிப்பாகத்தோடு சமமாக நிற்கும்படி விட்டு, ஆப்பைக் கையால் சொருகி ஒரு தட்டு. பிறகு பிளேடின் தலையில் சின்னச் சுத்தியலால் தட்டினால் ஆழம் கூடும், ஒரு தட்டுக்கு ஒரு பார்வை. குறைக்க, கட்டையின் பின்முனையில் மரச் சுத்தியலால் அடிக்க வேண்டும். பிளேடும் ஆப்பும் சேர்ந்து தளரும் என்பதால் அதற்கப்புறம் ஆப்பை மறுபடி ஒரு தட்டு தட்டாமல் சீவக்கூடாது. பக்கவாட்டுச் சரிவுக்குப் பிளேடின் தலையில் பக்கத்திலிருந்து தட்டு.

ஆப்பை இரும்பு அடிப்பது போல் அடிப்பவர்கள் அதிகம். அந்த அழுத்தம் ஆப்பின் இரண்டு கால்கள் வழியாகக் கட்டையின் கன்னங்களில் (பக்கச் சுவர்களில்) இறங்குகிறது. அங்கேதான் கட்டை பிளக்கும். கோடையில் கட்டை சுருங்கும்போது ஆப்பு அடித்த நிலையிலேயே கிடந்தால் பிளவு நிச்சயம். வேலை முடிந்ததும் ஆப்பைத் தளர்த்தி வையுங்கள்.

ஆப்புக் கால்களின் நுனியில் சுருள் மாட்டி அடைப்பதும் உண்டு. நுனியை மெல்லியதாகச் சீவி, பிளேடோடு இடைவெளி இல்லாமல் படிய வைத்தால் தீரும். அடிப்பாகம் தேய்ந்து வாய் அகன்றுவிட்டால் வாய்க்கு முன்னால் கடின மரத்தில் ஒரு துண்டு பதித்து ஒட்டுவார்கள். கருவேலம் நன்றாகத் தாங்கும்.

#17 கடலோரம்

பராமரிப்பு பற்றி யாராவது சொல்லுங்க. கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரம். ஒரு வாரம் தொடாம விட்டா அடிப்பாகம் பழுப்பாயிடுது. தேங்காய் எண்ணெய் தடவுறேன், போதுமா?

#18 மட்டப்பலகை

தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் கெட்டுப் பிசுபிசுக்கும், மரத்தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்லெண்ணெய் அதைவிட மோசம், காய்ந்து பசையாகும். ஆளி விதை எண்ணெய் காய்ந்து படலமாகவே மாறும். தையல் மெஷின் எண்ணெய் போதும். ஒரு பழைய பனியன் துணியைச் சுருட்டி அதில் எண்ணெயை ஊறவைத்து டப்பாவில் வைத்திருங்கள். வேலை முடிந்ததும் அடிப்பாகம், கன்னங்கள், பிளேடு எல்லாவற்றிலும் ஒரு துடைப்பு. கை வியர்வை படும் இடம்தான் முதலில் துருப்பிடிக்கும்.

வேலையின்போது அடிப்பாகத்தில் மெழுகுவர்த்தியால் ஒரு கிறுக்கல். உராய்வு குறைவதை உடனே கையில் உணரலாம். சிலிக்கோன் ஸ்பிரே மட்டும் வேண்டாம். மரத்தில் ஒட்டி, பின்னர் பாலிஷ் போடும்போது மீன்கண் போல வட்ட வட்டமாக விலகும்.

அட்டைப்பெட்டியிலும் பஞ்சு உறையிலும் வைக்காதீர்கள், இரண்டும் ஈரத்தை இழுத்து வைக்கும். டானின் மிகுந்த மரத்தை ஈரத்தோடு சீவினால் மரமும் கறுக்கும், இரும்பும் கறுக்கும். உலர்த்தித் துடைத்துவிட்டு வையுங்கள்.

ஏற்கெனவே பிடித்த மேல்துருவுக்கு 400 கிரிட் தாளும் மண்ணெண்ணெயும் போதும். பள்ளம் விழுந்த துரு பிளேடின் முதுகில் விளிம்புக்கு அருகே இருந்தால் அந்தப் பிளேடு போனதுதான். பள்ளம் விளிம்புக்கு வரும் ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு பல் விழும்.

#19 கோவைப்பட்டறை

வெச்சு எடுக்கிறப்ப படுக்க வைக்கணுமா நிமிர்த்தி வைக்கணுமான்னு அடுத்த சண்டை ஆரம்பிக்கும். மரப் பலகை மேல, மணலும் ஆணியும் இல்லாத இடத்துல, எப்படி வெச்சாலும் ஒண்ணும் ஆகாது. சிமென்ட் தரையில மட்டும் வேண்டாம்.

தேக்குல வேலை பார்க்கிறவங்க ஒண்ணு கவனிங்க. தேக்குல சிலிக்கா இருக்கு, கூர் சீக்கிரம் மழுங்கும். தள்ள பலம் கூடுறது, சுருள் துண்டு துண்டா உடையறது, சத்தம் 'சர்ர்'னு இல்லாம கரகரன்னு மாறுறது, இதுல எது வந்தாலும் ஆழத்தைக் கூட்டாதீங்க, நிறுத்தித் தீட்டுங்க. அப்பப்ப தீட்டினா 6000-ல பத்து இழுப்புல முடியும். மழுங்கினதை வெச்சே இழுத்துட்டு இருந்தா 1000-ல இருந்து ஆரம்பிக்கணும்.

#20 புதுச்சீவல்

மூலையைத் தீட்டினதும் கோடு போயிடுச்சு. லீவர் சரி. இப்ப மிச்சம் ஒண்ணு: மெல்லிய சுருள் பலகையோட ரெண்டு முனையில வருது, நடுவுல வர மாட்டேங்குது. பலகை நேரா இருக்கு, ஸ்கேல் வைச்சுப் பார்த்தாச்சு. மட்டப்பலகை சார் சொன்னது இதுதானா?

#21 மட்டப்பலகை

இதுவேதான். ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் தகடுகளின் தொகுப்பு) 0.05 மி.மீ. தகட்டை எடுத்து, நல்ல நேர்விளிம்பை அடிப்பாகத்தின் நீளவாக்கில் வைத்து, வாயின் முன்விளிம்பருகே நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் தேய்க்கலாம்.

கிரானைட் கடையில் மினுக்கிய வெட்டுத்துண்டு கேளுங்கள், 18 அங்குலம் நீளம் போதும். அதையும் நேர்விளிம்பால் கோணலாகச் சோதித்துவிட்டு வாங்குங்கள், எல்லாத் துண்டும் மட்டமாக இருக்காது. அதன்மேல் 80 கிரிட் உப்புத்தாள், சுருளாக விற்பதை நீளவாக்கில் ஒட்டுங்கள். பிளேடு இழைப்புளிக்குள் இருக்க வேண்டும், லீவர் கேப் வேலை நேரத்து இறுக்கத்தில் இருக்க வேண்டும், பிளேடு மட்டும் முழுவதும் உள்ளிழுக்கப்பட்டிருக்க வேண்டும். இறுக்கத்தில் வார்ப்பு கொஞ்சம் வளையும், அந்த நிலையில்தான் அது மட்டமாக இருக்க வேண்டும்.

அடிப்பாகம் முழுக்க மார்க்கரால் குறுக்குக் கோடுகள் போட்டு, கன்னங்களைத் தாழப் பிடித்து, இருபது தேய்ப்பு. கைப்பிடியை அழுத்தித் தள்ளினால் வால் பக்கம் மட்டும் தேய்ந்து கோவைப்பட்டறை பயந்த குவிவு வரும். முனை, வாய்க்கு முன்னால், வாய்க்குப் பின்னால், வால், இந்த நான்கு பட்டைகளில் கோடு அழிந்தால் நிறுத்துங்கள். நடுவில் மிச்சமிருக்கும் மை எந்தத் தீங்கும் செய்யாது. வாய்க்கு நேர் முன்னால் மை மிஞ்சினால் மட்டும் தொடருங்கள். அந்த உதடு மரத்தை அழுத்தவில்லை என்று பொருள்.

பிறகு 120, 220. அதற்குமேல் மினுக்க வேண்டியதில்லை. விளிம்புகளை நான்கு புறமும் அரத்தால் லேசாகச் சரித்து விடுங்கள், கூரான அடிவிளிம்பு பலகையில் கோடு போடும். இரும்புத்தூளைத் துணியால் துடைத்து, ஃபிராக்கைக் கழற்றி உள்ளேயும் துடைத்துவிட்டுத்தான் பிளேடை மறுபடி தீட்ட வேண்டும். அந்தத் தூள் கல்லுக்குப் போனால் 6000 கல்லில் கீறல் விழும்.

#22 கோவைப்பட்டறை

இப்ப தேய்ங்க, நானும் தடுக்கல. ஆனா 220 முடிஞ்சதும் ஃபீலர் கேஜ் வெச்சு மறுபடி பார்த்துட்டு மெழுகு தடவுங்க. மெழுகு தடவினப்புறம் மார்க்கர் பிடிக்காது.